நெற்றிக் குறிக்கு ஒரு வழக்கு

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முன்னோட்டம் வெளிவந்தபோது தமிழ் பேசும் உலகெங்கும் ஒரு பெரும் போர் மூண்டது. சுவரொட்டியிலே ஆதித்த கரிகாலனின் நெற்றியில் ஒரு குறி இருந்தது. முன்னோட்டத்திலே அது இல்லை. சோழர் சைவர் அல்லரோ, அவர்தம் நெற்றியில் திருநீற்றுப் பட்டை அன்றோ துலங்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். திலகம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்றனர் மறு சாரார். சென்னையில் வழக்கறிஞர் ஒருவர் சட்டத்தின் துணையையே நாடினார் என்ற செய்தியும் வந்தது. கொண்டையின் உயரம், மூக்கணியின் வடிவு, மார்புக் கவசத்தின் பொருத்தம் என வாதம் விரிந்துகொண்டே போயிற்று.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எமது தெருக்களும் இப்போருக்குப் புறம்பாக நிற்கவில்லை. தேநீர்க் கடைகளிலும் ரியூட்டரி வாசல்களிலும் பாடசாலை இடைவேளைகளிலும் இளைஞர்கள் இரு அணியாகப் பிரிந்து நின்று வாதிட்டனர். பின்னர் 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தது. போர் மீண்டும் மூண்டது. இப்போது வேறு படங்களுக்காக அதே வாதம் நடக்கின்றது.

இதனை அற்பமென்று ஒதுக்கும் பெரியவர்களோடு நான் சேரமாட்டேன். உடையைப் பற்றி இவர்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்பதல்ல என் குற்றச்சாட்டு. போதிய அளவு பேசவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. மகுடத்தோடும் நெற்றியோடும் இவர்களது பேச்சு நின்றுவிடுகின்றது. அதற்குக் கீழே கிடக்கும் மனிதனை அது தொடுவதேயில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் சுப்பர்மேனை எடுத்துக்கொள்வோம். நீல உடைக்கு மேலே அவன் அணியும் சிவப்புக் காற்சட்டை இருக்கவேண்டுமா வேண்டாமா என்பது அங்கே பெரும் பிரச்சினை. 2013இல் வந்த படம் அதைக் கழற்றியது, இரசிகர்கள் கொதித்தனர். 2025இல் வந்த படம் அதை மீண்டும் அணிவித்தது, இரசிகர்கள் கொண்டாடினர். எமது மாணவரும் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லுகின்றனர். ஆனால் 1938இல் அவ்வீரன் முதன்முதலாகத் தோன்றியபோது யாரை எதிர்த்தான் என்று கேட்டுப் பாருங்கள், பதில் இராது. மனைவியை அடித்த கணவனை அவன் எதிர்த்தான். அரசியல்வாதியை விலைக்கு வாங்கிய தரகனை எதிர்த்தான். ஆயுதம் விற்றுக் கொழுத்த முதலாளியை எதிர்த்தான். தொழிலாளரின் உயிருக்குப் பாதுகாப்புச் செய்யாத சுரங்க முதலாளியை அச்சுரங்கத்துக்குள்ளேயே இறக்கிப் பாடம் புகட்டினான். குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளான சீகல், ஷஸ்டர் என்னும் இரு இளைஞர், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், ஒடுக்கப்பட்டோரின் துணைவனாகவே அவனைப் படைத்தனர். அவ்வுரிமையை அவர்கள் விற்றது 130 டொலருக்கு! காற்சட்டை இருக்கின்றதா என்று காவல் நின்றவர்கள், சுரங்கத் தொழிலாளி கதையை விட்டுப் போனதைக் கவனிக்கவில்லை. படைத்தவன் வஞ்சிக்கப்பட்டதற்காகத் தெருவில் இறங்கவுமில்லை.

நமது கதைக்குத் திரும்புவோம். மூலத்துக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்று இரசிகர் கோருகின்றனர். எந்த மூலத்துக்கு? கல்கி இந்நாவலை 1950 முதல் 1954 வரை தமது வார இதழிலே தொடராக எழுதினார். ஓவியர் மணியம் அதற்குப் படம் வரைந்தார். அப்பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்த வீடுகள் ஈழத்திலும் பல. பத்தாம் நூற்றாண்டுச் சோழ இளவரசன் எப்படித் தோன்றினான் என்பதை நமக்குச் சொன்னது கல்வெட்டு அன்று, செப்பேடும் அன்று. மணியத்தின் தூரிகையே சொன்னது. அத்தூரிகை அழகியது, மறுப்பார் யார்? ஆயினும் அது இருபதாம் நூற்றாண்டின் கற்பனை. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரிலே, நாயக்கர் காலப் பூச்சின் கீழ் மறைந்து கிடந்த சோழர் கால ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. அங்கே இராசராசன் என்று கருதப்படும் உருவம் சட்டையுமின்றிக் கவசமுமின்றித் திறந்த மேனியாய் நிற்கின்றது. அதை அப்படியே திரையில் நிறுத்தினால், வரலாற்றுக்காக வாதிடும் இவர்களுள் எத்தனை பேர் அதை ஏற்பர்?

சரி, நாவலுக்காவது விசுவாசம் உண்டா? நாவலிலே சோழ அரியணை இறுதியில் யாருக்குப் போகின்றது? பூப்பறித்து மாலை தொடுத்து, வாய் பேசாத தாய் ஒருத்தியின் குடிசையில் வளர்ந்த சேந்தன் அமுதனுக்கு. அவன் கைப்பிடித்தவள் கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குத் தனியே படகு வலித்த பூங்குழலி. மாலைக்காரன் அரசனாகிறான், ஓடக்காரி அரசியாகிறாள். படத்திலே சேந்தன் அமுதன் உண்டு. ஆனால் அம்முடிவு இல்லை. வேண்டாத கிளையென்று அதை வெட்டிவிட்டார்கள். இந்த வெட்டுக்காக எமது தெருக்களில் எழுந்த முணுமுணுப்பு, நெற்றிக் குறிக்காக எழுந்த கூச்சலில் பத்திலொரு பங்கும் இராது. மகுடத்தின் மணி ஒன்று குறைந்தால் பொறாதவர்கள், அம்மகுடத்தைச் சூடிய ஏழையே காணாமற்போனபோது பொறுத்துக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் கல்கிக்கும் முழுப் புகழைத் தருவதற்கில்லை. மாலைக்காரனை அரியணையில் ஏற்றுமுன், அவன் உண்மையில் கண்டராதித்தரின் மைந்தன், பிறந்தபோதே இடம்மாறிய அரச குமாரன் என்று காட்டியே அவர் ஏற்றினார். இரத்தம் சரியாக இருந்தாற்றான் முடி பொருந்தும் என்ற பழைய நியாயத்தை அவர் உடைக்கவில்லை. ஆயினும் குடிசையின் வளர்ப்பு அரண்மனையின் வளர்ப்பினும் மேலானது என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. திரைப்படம் அந்த அரைத் துணிவையும் கைவிட்டது. இதுவே விவாதத்துக்குரிய மாற்றம்.

"படம் பொழுதுபோக்கு, உடை வெறும் அலங்காரம், இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். உடை வெறும் அலங்காரமாக நமது சமுதாயத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் அடிபட்டனர். அவர்கள் வீடுகள் எரிந்தன. 1859இல்தான் அரசன் பணிந்து கட்டளை பிறப்பித்தான். அதற்குப் பின்னும் யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியக் கூடாதென்று தடுத்தவர்கள் நம்மவரே. யார் எதை உடுத்தலாம், யார் உடுத்தலாகாது என்பது அதிகாரத்தின் மொழி. ஆகவே உடையைப் பற்றி வாதிடுங்கள்! ஆனால் இளவரசியின் பட்டை அளந்தபின் அவளுடைய பல்லக்கைச் சுமந்தவனின் அரையிலே என்ன இருந்தது என்றும் கேளுங்கள். அப்பட்டை நெய்தவன் அதை ஒருநாளாவது உடுத்தினானா என்றும் கேளுங்கள். படத்தின் ஆடை வடிவமைப்பாளர் ஏகா லகானியின் பெயரைக்கூட அறியாமல் அவ்வுடைகளுக்காகச் சண்டையிடுவோர் இருக்கையில், அவற்றைத் தைத்த விரல்களை யார் நினைக்கப் போகிறார்கள்?

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குத் தனிக் காரணம் உண்டு. சோழர் நமக்குத் திரையில் மட்டும் உள்ளவர்கள் அல்லர். அவர்கள் காலத்துக் கற்கள் நமது மாவட்டத்திலே கிடக்கின்றன. கன்னியா வெந்நீரூற்றுகளைக் கடந்து பெரியகுளப் பக்கம் போனால் வெல்கம் விகாரை இருக்கின்றது. தமிழர் அதனை நாதனார் கோயில் என்று வழங்கினர். அங்கே சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. விளக்கெரிப்பதற்குக் கால்நடைகளைத் தானமாகக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றிலே உள்ளன. அப்பௌத்த விகாரைக்கு அக்கல்வெட்டுகள் தரும் பெயர் என்ன தெரியுமா? இராசராசப் பெரும்பள்ளி! சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட மன்னனின் பெயரைத் தாங்கி நின்றது ஒரு பௌத்தப் பள்ளி. அங்கே தமிழில் எழுதிவைத்துத் தானம் செய்தவர் பௌத்தத்தைப் போற்றிய மக்கள். அதே மன்னன் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தான்.

இது கேட்டு உடனே பெருமிதம் கொள்ளவும் வேண்டாம். அநுராதபுரத்திலும் பிற இடங்களிலும் சோழப் படை விகாரைகளை உடைத்துச் செல்வங்களை அள்ளிச் சென்றதாகச் சூளவம்சம் குற்றஞ்சாட்டுகின்றது. 1017 அளவில் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டிலேயே மாண்டான். கொடுத்த கையும் கொள்ளையிட்ட கையும் ஒரே பேரரசின் கைகளே. இந்த முரண்பாட்டை எந்த நெற்றிக் குறி விளக்கும்?

பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் ஒரு கல் உண்டு. பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் அது. 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். கோயிலுக்குச் செல்லும் நாம் அனைவரும் அவ்வாசலைக் கடந்தே செல்கின்றோம். அக்கல்லின் முன் நின்று ஓர் எழுத்தையாவது கூட்டிப் படித்தவர் நம்முள் எத்தனை பேர்?

கல்லைப் படிக்க அறியாத சமுதாயத்துக்கு நேர்வது என்ன என்பதை நாம் கண்டிருக்கின்றோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட் பாரம்பரியத்துக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழர் இல்லை. ஒரு முஸ்லிம் இல்லை. மூவினமும் வாழும் மாகாணத்தின் மண்ணுக்குக் கீழே உள்ளது யாருடையது என்று தீர்மானிக்க, அவர்களுள் இரண்டு இனங்களை அழைக்காமல் ஒரு குழு! அந்த அநீதியை எதிர்க்க நமக்குத் தேவை எது? சோழ வீரனின் படம் பொறித்த மேற்சட்டையா? பெரும்பள்ளிக் கல்வெட்டு பௌத்தம் சிங்களவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதற்குச் சான்று. சைவம் மட்டுமே தமிழருடையது என்பதற்கு மறுப்பு. இரு பக்கத்து இனவெறியும் அஞ்சவேண்டிய சான்று அது. அதனைக் கையில் எடுக்கவேண்டிய இளைஞன் திரையில் உள்ள கவசத்தை அளந்துகொண்டிருக்கிறான். அவன்மேல் பழி போடுவதற்கில்லை. வரலாற்றை மன்னர் பட்டியலாகவும் போர்களின் ஆண்டாகவும் மனனம் செய்வித்த நாம், ஆசிரியர்கள், அவனுக்கு வேறெதையும் காட்டவில்லை. மன்னன் மட்டுமே வரலாறானால் மன்னனின் உடை மட்டுமே வாதமாகும்.

பூங்குழலி நாவலிலே வலித்த அதே கடலை நமது மக்களும் கடந்தனர். 1990இல் உயிர் பிழைக்கப் படகேறியவர்களுள் இம்மாவட்டத்தவரும் இருந்தனர். துடுப்புப் பிடித்த கை எப்படி இருக்கும், உப்புநீரில் ஊறிய சீலை எப்படிக் கனக்கும் என்பதை எமது கடற்கரைப் பெண்கள் எந்த வடிவமைப்பாளருக்கும் சொல்லித் தருவார்கள். திரையிலே ஓடக்காரி வந்தபோது, "இவள் கை எங்கள் கைபோல் இல்லையே" என்று கேட்கும் உரிமை உலகில் யாருக்கேனும் உண்டென்றால் அது நமக்கே உண்டு. நாமோ அக்கேள்வியை விட்டுவிட்டு இளவரசன் நெற்றிக்காக வழக்காடினோம்.

நாளையும் ஒரு படம் வரும். நாளையும் வாதம் மூளும். இளைஞர்களே, வாதிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒருநாள் பெரியகுளம் வரை சென்று வாருங்கள். உங்கள் சிங்கள, முஸ்லிம் நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். விளக்குக்கு மாடு கொடுத்த அந்தச் சாதாரண மக்களின் பெயர்களைக் கூட்டிப் படியுங்கள். அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று கல் சொல்லவில்லை. என்ன கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கின்றது.