குப்பத்திற்கு வரைபடம் எங்கே?

ஊராட்சித் தேர்தல் வருந்தோறும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் முதலில் பேசப்படுவது வீடு. தேர்தல் முடிந்தபின் முதலில் மறக்கப்படுவதும் அதுவே. 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பொறுப்புக்காலம் 2025 சனவரியில் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. வீட்டுக்குறை மட்டும் போகவில்லை. ஏன்?

வீடு தருவேன் என்பார் வேட்பாளர். அவ்வீடு எந்த நிலத்தில் நிற்கும் என்பதைச் சொல்லார். நடுவணரசு தரும் வீட்டுக்குப் 'பிரதான் மந்திரி ஆவாசு யோசனா' என்று தமிழன் நாவில் நுழையாத பெயர். தமிழக அரசு 2024-இல் அறிவித்த 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3,50,000 உருபா. ஆனால் வீட்டுக்குப் பணம் வேண்டுமெனில் முதலில் கையில் மனைப்பட்டா வேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக நெருக்குண்ட மணற்றிட்டில் வாழும் வைரவன்குப்பத்தானும் கோரைக்குப்பத்தானும் மகனுக்கு மணம் முடித்தபின் மனைக்கு எங்கே போவர்?

உள்நாட்டில் இடம் தருகிறோம், பெயர்ந்து போங்கள் என்பது எளிது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் 2005 மார்ச்சுத் திங்களில் வந்த அரசாணை அதைத்தான் சொல்லிற்று: கடலேற்ற எல்லையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வருவோர்க்கு 1,50,000 உருபா மதிப்புள்ள புதுவீடு, இருந்த இடத்திலேயே இருப்போர் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி இல்லை. மீனவனுக்குக் கரை என்பது காட்சிக்குரிய இடமா? வலை உலர்வதும், படகு ஏறுவதும், மீன் காய்வதும் அங்கேதான். பழவேற்காட்டின் பழைய 'பாடு' முறையில் நீர்ப்பரப்பை ஊரார் கூடிச் சீட்டெடுத்து முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர்; அதில் பங்கு ஊரோடு ஒட்டியது. ஊரைவிட்டுப் பெயர்த்தால் வீடு கிடைக்கும், பிழைப்புப் போகும். நீரையே சண்டையின்றிப் பங்கிட முறை கண்ட மக்களுக்குத் தம் நிலத்தைத் திட்டமிடத் தெரியாதா?

சட்டம் இவர்களைக் கைவிட்டதா எனின், இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்கவையெனக் குறித்த 29 பொருள்களுள் மீன்வளமும் உண்டு, ஊரக வீட்டுவசதியும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவற்றின் பொதுவிடங்களையும் வரைபடத்தில் காட்டவேண்டும் என்றும், பெருகிவரும் குடும்பங்களுக்கான நெடுங்கால வீட்டுத்திட்டத்தை மாநில அரசுகள் வகுக்கவேண்டும் என்றும் கூறுகிறது. 2019-இல் வந்த அறிவிக்கையின் கீழ்த் தமிழகத்து வரைவு வரைபடங்கள் 2023-இல் வெளிவந்தபோது, அந்த வீட்டுத்திட்டம் எங்கே என்று மீனவர் அமைப்புகள் கேட்டன.

அந்த 2019 அறிவிக்கையில் மற்றொரு சூழ்ச்சுமமும் உண்டு. சதுரக் கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறத்தில் கட்டடம் கூடாத அகலம் 50 மீட்டர். அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். ஏரியையும் மணலையும் சேர்த்தளந்த பரப்பால் மக்களை வகுத்தால், ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பம் முடங்கிக் கிடக்கும் குப்பமும் நெருக்கமற்ற ஊராகவே கணக்கில் நிற்கும்!

பிறர்க்கு மட்டும் வரைபடம் தடையின்றி வரையப்படுகிறது. சிறீஅரிகோட்டைத் தீவில் ஏவுகளம் அமைக்க மீனவர் குடிபெயர்க்கப்பட்டனர். 1980-இல் ஏரி பறவைப் புகலிடமாயிற்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் தீட்டப்பட்டது. மக்கள் எதிர்ப்புக்கிடையே அதன் கருத்துக்கேட்பு 2021-இலும் 2023-இலும் தள்ளிவைக்கப்பட்டது. ஏவுகலத்துக்கும், பறவைக்கும், கப்பலுக்கும் எல்லை வகுத்த அரசினர்க்கு, மீனவன் மகனுக்கு ஒரு மனையின் எல்லை வகுக்கக் கை வரவில்லையே!

பறவையும் வாழட்டும்; கடலரிப்பிலிருந்து உயிர் காக்கும் எல்லையும் வேண்டுவதே. ஆனால் எல்லையை யார் வகுப்பது, எம்மொழியில் வகுப்பது என்பதே கேள்வி. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க வரைவறிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்ட நடுவணரசு, பிற மொழிகளிலும் தருக என்று தில்லி உயர்நெறிமன்றம் ஆணையிட்டபின் உச்சநெறிமன்றம் வரை சென்று வழக்காடியது. தன் வீட்டின் தலையெழுத்தைத் தன் மொழியில் படிக்கவியலாதவன் அதற்கு எங்ஙனம் மறுப்புரைப்பான்?

ஆகவே, இனி ஒப்போலை கேட்டு வருவோரிடம் குப்பத்து மக்கள் வீடு கேட்கவேண்டா. மூன்று உறுதிமொழி கேட்கட்டும். ஒன்று, குப்பத்தின் வீடுகளையும், வலை உலர்த்தும் இடங்களையும், இருபதாண்டில் வேண்டிய மனைகளையும் ஊராரே அளந்து தமிழில் வரைபடமாக்குவது. இரண்டு, கிராமசபை எனப்படும் ஊரவையில் அதனைத் தீர்மானமாக்குவது. மூன்று, ஊராட்சித் திட்டங்களை ஒருங்கிணைப்பதற்கென்றே உள்ள மாவட்டத் திட்டக்குழுவில் அதனை வைத்து, கடற்கரை வரைபடத்தில் ஏறும்வரை விடாது வாதிடுவது. இம்மூன்றுக்கும் உடன்படாதவர் எக்கட்சியினராயினும் அவர்க்கு ஒப்போலை இல்லை என்று குப்பங்கள் ஒன்றுகூடி உரைக்கட்டும்!