அடைமிதிப்பான்குளம் நினைவு வேம்பை வெட்டியவர்களுக்குக் கடும் கண்டனம்

அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவாக ராயகிரியில் எங்கள் சங்கம் நட்டு வளர்த்த வேப்பமரத்தை இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இந்த ஈனச் செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம். புகார் கொடுக்கப் போனவர்களிடம் "ஆடு கடித்திருக்கும், போங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பொறுப்பற்ற போக்கையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

ஆடு கடித்தால் கொழுந்து போகும், பட்டை நார்நாராகக் கிழியும். ஆள் உயரம் தாண்டி வளர்ந்திருந்த இந்த மரமோ தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, ஒரே வெட்டில், சாய்வாகத் துண்டாகிக் கிடக்கிறது. மரத்தைச் சுற்றியிருந்த வலைக் கூண்டின் கட்டுக்கம்பியை முறுக்கவிழ்த்து, கூண்டைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு வெட்டியிருக்கிறார்கள். நினைவுத் தகரப் பலகை ஓடைக்குள் கிடந்தது. கோடையில் நூறு நாள் வேலை முடிந்து வரும் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைத்த மரம் அது.

2022 மே 14 இரவு, நெல்லை மாவட்டம் முன்னீர்பள்ளம் அருகே அடைமிதிப்பான்குளத்தில் 300 அடிக்கு மேல் ஆழமான குவாரிக்குள் ஜல்லிக்கல் ஏற்றிக்கொண்டிருந்த ஆறு பேர் மீது பாறை சரிந்தது. அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தேடும்போதே மீண்டும் மீண்டும் பாறை சரிந்ததால் பணி நின்று நின்று நடந்தது; கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. பிழைத்தவர்கள் இரண்டு பேர். நான்கு குடும்பங்கள் தங்கள் ஆளை இழந்தன.

இது விதி செய்த சாவு இல்லை. கெட்டிப் பாறையை வெட்டும்போது படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், ஒரு படி 6 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன. படி வெட்டினால் கிடைக்கும் கல் குறையும், செலவு கூடும். அந்தக் கணக்கில்தான் தொழிலாளியின் உயிர் கழிபடுகிறது. நான்கு பேர் செத்த பிறகு நெல்லை மாவட்டக் குவாரிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் விதிமீறல் இருந்தது. அந்தச் சோதனையை முன்பே செய்வதற்கு என்ன தடை? 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையிலும் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டார்கள்.

"அடைமிதிப்பான்குளத்துச் சாவுக்கு ராயகிரியில் எதற்கு மரம்?" என்று சிலர் கேட்கிறார்கள். 2019 வரை நாமும் நெல்லை மாவட்டம்தான். இன்றும் தென்காசி மாவட்டத்துக் கல்லும் எம்சாண்டும் இரவு பகலாகப் புளியரை வழியே கேரளத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வயலில் வேலை இல்லாத மாதங்களில் நம்மூர்ப் பிள்ளைகள் குவாரிக்குத்தான் போகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே நிற்பதும் அதே போன்ற பாறைதான்.

மாண்டவர்களை மற்ற இடங்களிலும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அதே நாளில் தொழிலாளர்கள் கூடுகிறார்கள். வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966-இல் சுரங்கக் கழிவு மலை பள்ளிக்கூடத்தின் மீது சரிந்து 116 குழந்தைகள் உள்பட 144 பேர் இறந்தார்கள். பள்ளி இருந்த இடம் இன்று நினைவுத் தோட்டம். ஆனால் அங்கே மிச்சக் கழிவு மேடுகளை அகற்ற, மக்கள் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு பிடுங்கினார்கள். 1997-இல் அரசு அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அந்த மக்கள் முப்பது ஆண்டு விடாமல் கேட்டதால் வந்த பணம் அது.

நாங்களும் விடாமல் கேட்போம். மரத்தை வெட்டியவர்கள் மீது உடனே வழக்குப் பதிய வேண்டும். அதே இடத்தில் எங்கள் செலவிலேயே மீண்டும் வேம்பு நடுவோம். அதற்கு எவரும் இடைஞ்சல் செய்யாமல் பாதுகாப்புத் தர வேண்டும். தென்காசி மாவட்டத்தின் ஒவ்வொரு குவாரியிலும் ஆழம், படி உயரம், கடைசியாகச் சோதனை நடந்த நாள் ஆகியவற்றை வாசலில் பலகையில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையென்றால் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு தென்காசி ஆட்சியர் அலுவலகம் முன்பு காத்திருப்புப் போராட்டத்தில் இறங்குவோம்.

சங்கச் செயற்குழுவுக்காக,
தலைவர், செயலாளர், பொருளாளர்
ராயகிரி