உரையும் பாட்டும்

தேர்வை எண்ணிப் படிக்கும் மாணவன் பாட்டைக் கண்டதும் பொழிப்புரையைத் தேடுகிறான். உரை கிடைத்ததும் பாட்டு முடிந்துவிட்டதாக எண்ணுகிறான். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதைக் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு ஒன்றே காட்டிவிடும்.

அது ஐந்தே அடிகளால் ஆனது. காதலன் காதலியிடம் பேசுகிறான். அவர்களுடைய தாயரிடையே உறவில்லை, தந்தையரிடையேயும் இல்லை, இருவரும் முன்பு அறிமுகமானவரும் அல்லர். ஆயினும், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப்போல உள்ளங்கள் ஒன்றாகிவிட்டன என்கிறான். பொழிப்புரை இவ்வளவே. இதனை நெட்டுருச் செய்யச் சிறிது நேரம் போதும்.

ஆனால், காதலி என்ன சொன்னாள்? பாட்டில் அவள் வாய் திறக்கவே இல்லை. இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சினாள் எனப் பாட்டின் கீழுள்ள பழைய குறிப்புத் தெரிவிக்கிறது. அஞ்சுகின்றவளைத் தேற்ற வந்தவன், 'பிரியேன்' என்று ஒரு சொல்லும் சொல்லாமல் மழையைக் காட்டுவானேன்? விழுமுன் மழைநீருக்கு நிறமில்லை. மண்ணைத் தொட்டதும் அது மண்ணின் செம்மையைப் பெறுகிறது. பின்னர் எது நீர், எது மண் என்று பிரித்துக் காட்ட யாரால் இயலும்? 'தெளியவிட்டால் மண் அடியில் தங்காதோ?' என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவன் பாட்டைப் படிக்கத் தொடங்கிவிட்டான் என்றே கொள்ளவேண்டும். அவளுடைய அச்சமும் அதுவாகவே இருந்திருக்கலாம் அன்றோ!

அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. ஆதலின் இவ்விருவரும் யாவர், எவ்வூரினர் என்று அறிய வழியில்லை. பாடியவர் பெயரும் மறைந்துபோயிற்று; பாட்டில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப் பெயனீரார் என்று வழங்கினர். பெயர் இல்லாத அவ்விடத்தில் படிப்பவன் தன் நெஞ்சையே வைத்துப் பார்க்க நேர்கிறது. அது எளிய வேலை அன்று.

குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் உரை எழுதினர் என்பர். அவ்வுரைகள் மறைந்தன, பாட்டுக்கள் நின்றன. 1937-இல் உ. வே. சாமிநாதையர் தாமே உரை எழுதி இந்நூலைப் பதிப்பித்தார். அருஞ்சொற்களின் பொருளை அறிய அத்தகைய உரை இன்றியமையாதது. அதனை இகழ்வது அறியாமை. எனினும், அந்தக் காதலி அவன் சொல்லை நம்பினாளா என்பதை எந்த உரையாசிரியரும் எழுதித் தர இயலாது. பாட்டை நான்கைந்து முறை வாய்விட்டுப் படித்த மாணவர் இருவர் இதுபற்றி வழக்கிடத் தொடங்கினால், வகுப்பு முடியும் மணி அடித்த பின்னும் அவ்வழக்கு ஓயாது.