அம்மாவின் பங்கு எங்கே?

“தலை சுத்துது, கால் உளையுது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது.” எமது கிராமங்களில் தாய்மாரிடம் சுகம் விசாரித்தால் அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான். “வேலை கூட, அதுதான்” என்று சொல்லி நாமும் கடந்து விடுகிறோம். வேலை கூட என்பது உண்மை. ஆனால் பல வேளைகளில் அந்தக் களைப்பிற்குக் குருதிச்சோகை என்றொரு பெயரும் உண்டு.

குருதியிலுள்ள ஈமோகுளோபினே உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்கின்றது. அதை ஆக்குவதற்கு இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த பெண்ணொருவரின் 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராம் ஈமோகுளோபினாவது இருத்தல் வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராம். மாதவிடாயில் இழக்கும் குருதியை ஈடுசெய்வதற்காக ஒரு பெண்ணுக்கு ஆணைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இரும்புச்சத்து தேவைப்படுகின்றது. கர்ப்ப காலத்தில் இத்தேவை மேலும் உயரும். அது கிடைக்காவிடின் பிள்ளை குறைமாதத்தில் அல்லது நிறை குறைந்து பிறக்கலாம். பிரசவ வேளையில் ஏற்படும் குருதிப்பெருக்கைத் தாங்கும் வலிமையும் தாய்க்கு இருக்காது.

அதிகம் தேவைப்படுபவருக்கு எமது வீடுகளில் கிடைப்பது என்ன? முதலில் கணவருக்கு, பின்னர் பிள்ளைகளுக்கு, அடுத்து மாமன் மாமிக்கு. எல்லோரும் எழும்பிய பின் சட்டியில் எஞ்சிய குழம்பும் அடிச்சோறும் அம்மாவுக்கு. மீன் துண்டு அதற்கு முன்னரே முடிந்துவிடும். கர்ப்பிணித் தாய்க்கென்று கிளினிக்கில் கொடுக்கப்படும் திரிபோஷாவும் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்குமான பலகாரமாகி விடுகின்றது. இதைத் தாயின் தியாகம் என்று புகழ்கிறோம். புகழ்வதற்கு முன் அது நியாயமா என்று யோசித்ததுண்டா?

“இருந்தால்தானே பங்கிடுவது” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் எத்தனையோ குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயின. கூலி உயராமல் சத்துணவு பற்றி மட்டும் போதிப்பது பசித்தவனுக்குப் புத்தி சொல்வது போலாகும். ஆயினும் இருப்பது கொஞ்சமானால், அந்தக் குறைவை ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்துவது எந்த வகையில் சரி?

பெண்ணை முதலில் உண்ண வைப்பது எமக்குத் தெரியாத காரியமல்ல. பிள்ளை பெற்றவளுக்குக் காயம் இடித்துக் கொடுத்து, சரக்குக்கறி காய்ச்சி, சுடச்சுடச் சோறு போட்டு, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்து பார்ப்பது எமது வழக்கம். முப்பத்தொன்று கழிந்ததும் அவள் மீண்டும் கடைசிக்குப் போய்விடுகிறாள். அந்த அக்கறையை ஏன் ஆண்டு முழுவதும் நீடிக்கக் கூடாது?

பெருஞ் செலவில்லாமலே செய்யக்கூடியவை சில உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடல் அதில் சிறு பகுதியையே உறிஞ்சும். ஒரு பிடி நெத்தலி சேர்த்தால், அல்லது தேசிக்காய்ப் புளி விட்டால், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் உண்டால் உறிஞ்சுதல் கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ இதற்கு நேரெதிர். அதைக் கைவிடச் சொல்லவில்லை. உணவுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் செருப்போடு போகவேண்டும். வெறுங்காலில் நுழையும் கொழுக்கிப் புழு குடலில் இருந்து குருதியை உறிஞ்சும்.

குருதிச்சோகை வந்த பின்னர் கீரை மட்டும் போதாது, மாத்திரை அவசியம். மலம் கறுக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று மாத்திரையை அலுமாரியில் வைத்துவிடும் தாய்மார் பலர். மலம் கறுப்பது பயப்படத்தக்கதல்ல. வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பின் இரவில் எடுக்கலாமா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கல்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம். மாதவிடாயில் அதிக குருதி போவதை “பொம்பிளைக்கு உள்ளதுதானே” என்று மறைக்க வேண்டாம். தலசீமியா போன்ற வேறு காரணங்களாலும் குருதிச்சோகை வரும் என்பதால் குருதிப் பரிசோதனை செய்தே மருந்தெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மாதர் சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனெனில் தனக்கென ஒரு துண்டு மீனை எடுத்து வைக்க அம்மா கூச்சப்படுவாள். அதை எடுத்து வைக்க வேண்டியவர்கள் மற்றவர்களே.

இன்றிரவு சோற்றுக் கோப்பையைக் கையில் வாங்கும்போது, “உமக்கு எடுத்து வைச்சிட்டீரா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதிலை நம்பிவிடாமல் சட்டிக்குள்ளும் எட்டிப் பாருங்கள்.