சேரிக்குப் போட்டி போட்டு வரப்போகிறவன் யார்?

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் மாடி அறையில் நானும் அம்மாவும் குடியிருக்கிறோம். வாடகை தனி, கரண்டுக் காசு தனி. வீட்டுக்காரர் வைத்திருக்கிற சப்-மீட்டரில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு சொன்னது. அந்த நூறு யூனிட் எங்கள் மாடிப்படி ஏறி வந்ததே இல்லை. கேட்டேன். "கட்டுபடி ஆகலைன்னா வேற வீடு பாத்துக்கங்க தம்பி" என்றார். சரி என்று பார்க்கப் போனேன். போன இடத்திலெல்லாம் அட்வான்ஸ் எவ்வளவு என்று நான் கேட்கும் முன்னாலேயே அவர்கள் கேட்டது, "நீங்க என்ன ஆளுக?" திரும்பி வந்துவிட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டாள்.

சந்தையைப் பற்றி நான் படித்த பாடம் இதுதான். பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போகலாம் என்பது, போகிற இடத்தில் கதவு திறக்கிறவனுக்கு மட்டுமே சொல்லப்பட்டது.

இப்போது மின்சாரத்திலும் அதையே சொல்கிறார்கள். 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. ஒரே ஊரில் பல கம்பெனிகள் ஒரே கம்பி வழியாகக் கரண்ட் விற்கலாம், செல்போன் கம்பெனியை மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நிலைக்குழுவுக்குப் போன அது 2024இல் அவையோடு காலாவதியானது. 2025 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட புதிய வரைவு மறுபடியும் அதே கதவைத் திறக்கிறது. கூடவே, ஆலைகளும் ரயில்வேயும் சுமக்கிற குறுக்கு மானியத்தை ஐந்து வருஷத்தில் ஒழிக்க வேண்டும் என்கிறது.

குறுக்கு மானியம் என்றால் என்ன? ஆலையும் பெரிய கடையும் கூடுதல் விலை கொடுக்கும். அதில் ஒரு பகுதியைக் கொண்டுதான் சின்ன வீட்டுக்குக் குறைந்த விலை நிற்கிறது. நாளைக்கு நாலு கம்பெனி வந்தால் எதற்குப் போட்டி போடும்? கே.கே. நகர் பங்களாவுக்கும், ஏ.சி. ஓடுகிற ஜவுளிக் கடைக்கும், கப்பலூர் ஆலைக்கும் போடும். ஒரு ஃபேனும் ரெண்டு பல்பும் இருக்கிற காலனி வீட்டுக்கு எவன் போட்டி போட்டு வருவான்? நாம் பழைய கம்பெனியிடமே மிஞ்சுவோம். நல்ல வாடிக்கையாளர் எல்லாம் போனபிறகு நட்டக் கணக்கு நம் தலையில் விழும்.

"எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே" என்பார்கள். காகிதம் நம்மை எப்படி எண்ணியது என்று நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் கிராம எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம். ஊர்ப் பெரியதனக்காரர் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் போதும், சேரியும் வெளிச்சத்தில் இருப்பதாகக் கணக்கு. தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் மின்மாற்றியும் கம்பியும் வந்திருக்க வேண்டும் என்று விதியில் எழுத 2004 ஆனது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கம்பம் மந்தையோடு நின்றது. "என் வயக்காட்டு வழியாவா அவனுகளுக்குக் கம்பி இழுக்கிறது?" என்று ஒருத்தர் மறித்தார். சேரிக்குள் பல்பு எரிய எட்டு வருஷம் ஆனது. 1990இல் எல்லா விவசாயப் பம்புசெட்டுக்கும் கரண்ட் இலவசமானது. கிணறு உள்ளவனுக்குத்தானே பம்புசெட்? பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்த சனத்துக்கு அதில் என்ன கிடைத்தது?

அதனால், "மின்வாரியத்தைக் காப்போம்" என்று கொடி பிடிக்கிற தொழிற்சங்கத் தோழர்களிடமும் எனக்குப் பேச்சு இருக்கிறது. காப்போம், வருகிறேன். ஆனால் எந்த வாரியத்தை? ஊரோடு நின்றதையா, சேரிக்கும் வந்ததையா? கம்பத்தில் ஏறிச் சாகிற ஒப்பந்தக் கூலிக்காரன் உங்கள் சங்கத்தில் உறுப்பினனா?

ஆனாலும் தனியார் வழி எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. சமயநல்லூரில் 106 மெகாவாட் தனியார் மின்நிலையம் 2001இல் வந்தது. உலை எண்ணெயில் ஓடியது. இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வாரியம் கரண்ட் வாங்காவிட்டாலும், நிலையம் ஓடத் தயாராக இருந்தால் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். என் அம்மா முப்பது வருஷம் சித்தாள் வேலைக்குத் தயாராகப் போய் நின்றவள். ஆள் எடுக்காத நாளுக்கு எவன் அவளுக்கு நிலைக்கட்டணம் கொடுத்தான்? ஒடிசாவில் 1999இல் விநியோகத்தையே தனியாருக்குக் கொடுத்தார்கள். அந்த வருஷப் பெரும் புயலுக்குப் பிறகு, 2001இல், ஏ.இ.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனி மத்திய ஒடிசாவைக் கைகழுவிவிட்டுப் போனது. மற்ற மூன்று பகுதிகளை வைத்திருந்த ரிலையன்ஸின் உரிமத்தை 2015இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது.

இங்கேயும் 1999இல் ஆணையம் வந்தது. அரசியல் தலையீடு இல்லாமல் விலை வைக்கவாம். நம் கையில் இருக்கிற ஒரே பிடி ஓட்டு. அந்தப் பிடியிலிருந்து விலையை விலக்கிவிட்டு, ஆட்சேபம் இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல் என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டார்கள். செப்டம்பர் 10 முதல் விலை ஏறியது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, புள்ளிவிவரப் புத்தகத்தைப் படித்துவிட்டு, மைக்கில் பேச நம் தெருவில் யார் போக முடியும்?

1943இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், போருக்குப் பிந்தைய மின்சாரக் கொள்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மின்சாரம் அரசிடமா தனியாரிடமா என்ற கேள்வியை அங்கே வைத்தவர் அவர். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்றார். அவரைச் சிலையாக மட்டும் வைத்துக்கொண்டு இதை மறந்துவிட்டோம். அரசு வேலையில் நமக்கு 18 சதம், பழங்குடிக்கு 1 சதம் இடஒதுக்கீடு உண்டு. கம்பெனிக்காரன் வந்தால் அந்த நாற்காலியும் போகும், கேட்க ஆளும் இருக்காது.

நாம் கேட்க வேண்டியது வேறு. விநியோகம் பொதுவில் இருக்க வேண்டும். ஆணையத்தில் நம் ஆள் உட்கார வேண்டும். கணக்கு சேரி வாரியாக வேண்டும். ஒப்பந்தக் கூலிக்காரன் நிரந்தரமாக வேண்டும். இலவச 100 யூனிட் வாடகைக்கு இருக்கிறவன் பேரில் வர வேண்டும்.

போட்டி நல்லது என்று எழுதுகிற பேராசிரியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரே ஒரு நாள் என்னோடு சிம்மக்கல்லில் வீடு தேட வாருங்கள். "நீங்க என்ன ஆளுக?" என்று அந்த வாசல்களில் கேட்கும்போது பதிலை நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் சந்தையைப் பற்றிப் பேசுவோம்.