நைதரசனுக்குத் தனிக் கணக்கு

கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர்களின் முதுகில் இருப்பதை 'ஒட்சிசன் சிலிண்டர்' எண்டுதான் கனபேர் சொல்லுவினம். அதுக்குள்ள இருப்பது நாங்கள் இப்ப சுவாசிக்கிற அதே காற்று, இறுக்கி அடைச்சது. நூற்றுக்கு 78 பங்கு நைதரசன், 21 பங்கு ஒட்சிசன். சுழியோடியைப் படுக்கையில் போடுவது பெரும்பாலும் அந்த 78 பங்கு. பெயரிலேயே இல்லாத வாயுவைப் பற்றி யார் யோசிக்கப் போகினம்?

கலைப்பீடத்துக்காரர் நாங்கள் ஏன் இதை எழுதுகிறோம் என்று கேட்கலாம். 'அது சயன்ஸ் பிள்ளையளின்ர பாடம்' என்று பதினாறு வயதில் ஒரு கதவு மூடப்படுகிறது. பகுதியமுக்கம் போன்ற சொற்கள் அந்தக் கதவுக்கு அங்கால போயிடுது. கடலுக்குப் போற பெடியளில் பலர் அந்தக் கதவடிக்கே வாறதில்லை. ஆனால் அந்தச் சொல் உயிர் விசயமாக இருப்பது அவர்களுக்குத்தான். இந்தப் பங்கீடு பிழை என்பதே எங்கட வாதம்.

விசயம் அப்படியொண்டும் விளங்காதது இல்லை. கலவையில் இருக்கும் ஒவ்வொரு இலட்சிய வாயுவும், மற்ற வாயுக்கள் அங்கே இல்லாதது போலவே நடந்துகொள்ளும். மொத்த அமுக்கத்தில் அதன் பங்கு எவ்வளவோ அதுதான் அதன் பகுதியமுக்கம். இது தாற்றன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. பிறகு அமெரிக்கரான வில்லாட் கிப்ஸ், 1876 தொடக்கம் 1878 வரை வெளியான தன் நீண்ட கட்டுரையில் இன்னொரு அளவைக் கொண்டுவந்தார்: இன்று இரசாயன அழுத்தம் என்கிறோம். (எங்கட பாடநூல்களில் அமுக்கம் வேறு, அழுத்தம் வேறு. மின்னழுத்தத்தில் வருகிற அழுத்தம் இது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அமுக்கத்தையே அழுத்தம் என்பார்கள், சேர்த்து வாசிச்சால் தலை சுத்தும்.) தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுற மாதிரி, ஒரு பொருள் தன் இரசாயன அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் சமனானால் நிற்கும்.

வெப்பநிலை மாறாவிட்டால், இலட்சிய வாயுக் கலவையில் ஒரு வாயுவின் இரசாயன அழுத்தம் அதன் சொந்தப் பகுதியமுக்கத்தின் மடக்கையோடு மட்டும் ஏறி இறங்கும். பக்கத்தில் எந்த வாயு நிற்குது என்பது கணக்கிலேயே இல்லை. இந்த இடத்தில் 'பல்லின சமூகம்' எண்டு ஒரு கவிதை எழுத எங்கட ஆக்களுக்குக் கை துருதுருக்கும். தயவுசெய்து வேண்டாம். ஒருத்தரை ஒருத்தர் திரும்பியும் பார்க்காமல் ஒரே அறையில் இருப்பதற்குப் பெயர் நல்லிணக்கம் இல்லை.

கடலுக்கு வருவோம். 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அமுக்கம் கூடும். 30 மீற்றரில் மொத்தம் 4 வளிமண்டலம். சுவாசிக்கும் காற்றில் நைதரசன் இப்பவும் 78 வீதம்தான், அதன் பகுதியமுக்கம் மட்டும் 0.78 இலிருந்து 3.1 ஆகிவிட்டது. வீதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. நுரையீரலில் நைதரசனின் இரசாயன அழுத்தம் உடம்புக்குள் இருப்பதை விடக் கூடியதால் அது இரத்தத்துக்கும் கொழுப்புக்கும் இறங்கும். ஒட்சிசனை உடம்பு செலவழிச்சுப் போடும். நைதரசனை ஒண்டும் செய்யாது, அது சேர்ந்துகொண்டே போகும். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசனே வெறி ஏற்றிவிடும்.

மேலே வரும்போது எல்லாம் தலைகீழ். இப்ப உடம்புக்குள் கூட, நுரையீரலில் குறைவு. ஆறுதலாக வந்தால் மூச்சோடு போயிடும். அவசரப்பட்டால் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டு வலி, விறைப்பு, சிலருக்கு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாமல் போறது எல்லாம் இதிலிருந்துதான்.

மடக்கை என்றேனே, அதுதான் முக்கியம். சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணை புரட்டாதவர் யார்? ஆனால் எதுக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பகுதியமுக்கம் இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் இரசாயன அழுத்தம் ஒரே அளவு கூடும், உடல் வெப்பநிலையில் மூலுக்கு ஏறத்தாழ 1.8 கிலோயூல். பாதியானால் அதே அளவு குறையும். 30 மீற்றரிலிருந்து 10 மீற்றருக்கு வந்தால் அமுக்கம் 4 இலிருந்து 2, ஒரு பாதி. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு 2 இலிருந்து 1, அதுவும் ஒரு பாதி. முதல் இருபது மீற்றர் செய்ததை கடைசிப் பத்து மீற்றர் செய்துவிடும். வெளிச்சம் தெரியுது, வள்ளம் தெரியுது, இனியென்ன எண்டு காலை உதைச்சு ஏறுகிற அதே பத்து மீற்றர்!

பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஹோல்டேன் ஆடுகளை அமுக்க அறையில் வைத்துச் சோதித்து, 1908 இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டதும் பாதிக் கணக்குத்தான். எத்தனை வளிமண்டலம் குறைந்தது என்பதை விட, பாதிக்குக் கீழே போனதா என்பதையே அவர் பார்த்தார். அந்த விகிதத்தைப் பின்னால் வந்த அட்டவணைகள் திருத்தின. படிப்படியாக நின்று ஏறும் வழக்கம் நிலைச்சுப்போச்சு.

எங்களுக்கு வேண்டியது பெரிய திட்டம் இல்லை. சாதாரண தர விஞ்ஞான நூலில் பகுதியமுக்கத்துக்கு இரண்டு பக்கம். சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் தமிழில் ஒரு அட்டை: 10 மீற்றரில் நைதரசன் 1.6, 20 இல் 2.3, 30 இல் 3.1. எவ்வளவு நேரம் கீழே நிற்கலாம், எங்கே தரிக்க வேணும் என்பதைப் பயிற்றுநரும் வைத்தியரும் எழுதட்டும். வாசிச்சால் விளங்கிற தமிழில் அதைத் திருத்தித் தாற வேலையை நாங்கள் செய்வோம்.