ஏமாந்தவனா குற்றவாளி?

"ஏமாறுபவன் உள்ளவரை ஏமாற்றுபவனும் இருப்பான்" என்று நம்மவர்கள் கூறுவதுண்டு. கேட்பதற்கு ஞானம்போலத் தோன்றும் இவ்வாக்கியம் உண்மையில் தரகனுடைய வக்கீல் வாதமேயாகும். குற்றத்தை ஏமாற்றியவன் தோளிலிருந்து இறக்கி, ஏமாந்தவன் தலையில் ஏற்றிவைக்கும் இக்கைங்கரியத்தைத் திண்ணைப் பேச்சாளர் மட்டுமல்ல, நாகரிக அரசாங்கங்களும் செய்து வருகின்றன. நியூசிலாந்தின் கதை இதற்குத் தக்க சான்று.

அந்நாட்டுப் பாராளுமன்றம் 2007 ஆம் ஆண்டிலே குடிவரவு ஆலோசகர்களுக்கான அனுமதிப்பத்திரச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. உள்நாட்டில் தொழில் புரிவோருக்கு 2009 மே மாதந் தொட்டும், வெளிநாட்டிலிருந்து தொழில் புரிவோருக்கு 2010 மே மாதந் தொட்டும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. சட்டத்தரணிகள் முதலிய சிலருக்கே விலக்கு. அனுமதியின்றித் தொழில் நடத்துவோனுக்கு ஏழாண்டுவரை சிறையும் 100,000 டொலர்வரை அபராதமும் விதிக்கலாம். அனுமதி பெற்றவர் எழுத்தில் ஒப்பந்தஞ் செய்யவேண்டும்; கட்டணத்தை முன்கூட்டியே விளக்கவேண்டும்; கேட்டவுடன் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தவறினால், பணத்தை மீட்டுக் கொடுக்கவும் நட்டஈடு செலுத்தவும் ஆணையிட ஒரு விசாரணை மன்றமும் உண்டு. இவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளரைப் பொய்கூறி மயக்குதலை 1986 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எந்தச் சேவையும் தக்க கவனத்துடனும் திறனுடனும் செய்யப்படவேண்டுமென 1993 ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் விதிக்கிறது.

நுகர்வோர் உரிமை என்றதும் நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் முகஞ் சுழிப்பார்கள். "இவையெல்லாம் முதலாளித்துவம் எறியும் எலும்புத் துண்டுகள்; அமைப்பே மாறவேண்டும்" என்பது அவர்கள் கட்சி. அமைப்பு மாறவேண்டும் என்பதில் நமக்கும் பிணக்கில்லை. ஆனால் இங்கிலாந்துத் தொழிலாளர் 1847 ஆம் ஆண்டில் பத்துமணி நேரச் சட்டத்தை வென்றெடுத்தபோது, அதை எலும்புத் துண்டென்று எவரும் திருப்பி எறியவில்லை. தாயின் தாலிக்கொடியை அடகுவைத்துப் புறப்படும் இளைஞனிடம், புரட்சி வரும்வரை ஏஜென்சிக்காரனிடம் ஏமாந்துகொண்டிரு என்று சொல்லும் உரிமையை இந்நண்பர்களுக்கு யார் கொடுத்தது?

சட்டம் நல்லது. அதிலுள்ள ஓட்டையைத்தான் நாம் பேசவேண்டும். வெளிநாட்டிலிருந்துகொண்டு மாணவர் விசாவைப் பற்றி மாத்திரம் ஆலோசனை வழங்குவோருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்று அதே சட்டம் விலக்களித்திருக்கிறது. இளையவன், அனுபவமற்றவன், குடும்பத்தின் கடன் முழுவதையும் சுமப்பவன் எந்த வாசலால் நுழைகிறானோ, அந்த வாசலிலே காவலாளி இல்லை! ஏன் இந்தத் தாராளம்? அந்நிய மாணவரின் கட்டணம் அந்நாட்டுக்குப் பெருவருமானம். கல்வி அங்கே ஓர் ஏற்றுமதிப் பண்டம். அப்பண்டத்தை விற்றுக் கொடுக்கும் கல்வி முகவர்களுக்குக் கல்லூரிகளே தரகுப்பணம் கொடுக்கின்றன. மாணவனோ எதிரில் அமர்ந்திருப்பவரைத் தன் பக்கத்து ஆள் என்று நம்புகிறான். கூலி கொடுப்பவன் ஒருவன், நம்பிக் கெடுபவன் இன்னொருவன்.

இதன் விளைவை உலகம் 2017 ஆம் ஆண்டிலே கண்டது. இந்தியாவிலிருந்து சென்ற மாணவர் பலரின் விண்ணப்பங்களில் போலி வங்கிப் பத்திரங்கள் இருந்தமை பின்னர் வெளியாயிற்று. அவற்றைச் சேர்த்தவர்கள் ஊரிலிருந்த முகவர்கள், தமக்கு எதுவுந் தெரியாது என்று மாணவர்கள் கூறினார்கள். கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே என்றது அரசு. அவ்வாண்டு பெப்ரவரியில் சிலர் ஓக்லாந்து நகரத் தேவாலயம் ஒன்றில் தஞ்சம் புகுந்தனர். ஆயினும் நாடுகடத்தல் நிற்கவில்லை. முகவனுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாமென்று சொன்ன அதே அரசு, முகவன் செய்த பாவத்துக்கு மாணவனைத் தண்டித்தது. திண்ணைப் பழமொழி சட்டமாக வடிவெடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

தொழிலாளர் கதையும் வேறன்று. 2023 ஆகஸ்டில் ஓக்லாந்தின் சில வீடுகளில் இந்தியரும் வங்காளதேசத்தவருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்துக் கிடக்கக் காணப்பட்டனர். பெருந்தொகை கொடுத்து வந்த அவர்களுக்கு வாக்களித்த வேலை இருக்கவில்லை. வேலைக்காக ஒருவரிடம் பணம் வாங்குவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். விசாவோ அரசின் அங்கீகாரம் பெற்ற முதலாளிகள் மூலம் வழங்கப்பட்டது!

ஆகவே, அனுமதிப்பத்திரம் ஒன்றே சகல நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவில்லை. அனுமதி பெற்ற ஒருவர் தம் பெயரை வாடகைக்கு விட, அனுமதியற்றவர்கள் வேலை முழுவதையும் செய்து அவர் பெயரில் அனுப்பும் மோசடிகளும் அந்த விசாரணை மன்றத்தின் முன் பலமுறை வந்துள்ளன. எனினும் அப்படிப்பட்டவரை மன்றத்துக்கு இழுக்கலாம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மாடியறை வாடகைக்கெடுத்து, நாளை பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் போகிறவனை அந்த மன்றத்துக்கு இழுக்க வழியில்லை. வித்தியாசம் அதுதான், அது சிறிதுமன்று.

நமது நாட்டிலே 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அனுமதி பெறவேண்டும். அந்த அனுமதியைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, நியூசிலாந்தின் வேலை விசாவுக்கும் ஆலோசனை கூறுவோர் உளர். இது வேறு, அது வேறு. அந்நாட்டு ஆலோசகரின் பெயர் அந்நாட்டுப் பகிரங்கப் பதிவேட்டில் இருக்கவேண்டும்; எவரும் காசின்றிப் பார்க்கலாம். பெயர் இருந்தால் மட்டும் போதாது, அப்பெயருடையவரே நம்மோடு பேசவேண்டும். "விசா நிச்சயம்" என்பவன் பொய்யன். தீர்மானிப்பது குடிவரவு அதிகாரியே. விண்ணப்பத்தைத் தானே நிரப்பி அனுப்பவும் ஒருவருக்கு உரிமையுண்டு என்பதை ஏஜென்சிக்காரன் ஒருநாளும் வாய்திறந்து சொல்லமாட்டான்.

உயர்தர வகுப்பு முடிந்ததும் நற்சான்றுப் பத்திரத்துக்காக மாணவர்கள் ஆசிரியரிடம் வருகிறார்கள். எங்கே போகிறாய், யார் மூலம் போகிறாய், விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தாயா, இணைத்த பத்திரங்களின் பிரதி உன்னிடம் இருக்கிறதா என்று அவ்வேளை கேட்பதற்கு ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். மாணவர் விசா முகவனுக்கு அளித்த விலக்கை நீக்கு என்று கேட்பது நெடும் போராட்டம். அதை அங்குள்ள தொழிற்சங்கங்களும் மாணவர் சங்கங்களும் நடத்தவேண்டும், இங்குள்ள நாமும் குரல் சேர்க்கவேண்டும். வெற்றுப் படிவத்திலே கையொப்பம் வாங்கும் வழக்கத்தையோ இன்றைக்கே நிறுத்தலாம்.